தூங்கிப் போன நடுவர்

2024 ஆகஸ்ட் 16, வெள்ளிக்கிழமை. விழுப்புரத்தில் எங்கள் ஆபீஸில் சாப்பாட்டு நேரம். தயிர் சாதமும் மோர் மிளகாயுமாக நான் சிவனே என்று உட்கார்ந்திருந்தேன். திடீரென்று அடுத்த மேஜையில் ஒரே கூச்சல். ஏதோ அகவிலைப்படி விஷயம் போலிருக்கிறது என்று ஆசையாகக் காதைத் தீட்டினால்... அதெல்லாம் இல்லை.

"சார், நேஷனல் அவார்டு அறிவிச்சுட்டாங்க. 'திருச்சிற்றம்பலம்' படத்துக்கு நித்யா மேனனாம்! 'கார்கி' சாய் பல்லவிக்கு இல்லையாம் சார்! இது நியாயமா?"

கேட்ட பையனுக்கு வயது இருபத்தாறு. சொந்த அத்தை மகளுக்கு ஜாதகம் பொருந்தாமல் போனபோதுகூட அவன் இவ்வளவு வருத்தப்பட்டு நான் பார்க்கவில்லை. எதிரே இருந்தவன் நித்யா மேனன் கட்சி. நடுவில் நான். ரிட்டயர் ஆக மூன்று மாதம் பாக்கி. "சார்தான் அந்தக் காலத்துலேர்ந்து அவார்டு கணக்கெல்லாம் வெச்சிருக்காரே, சாரையே கேப்போம்" என்று இரண்டு பேரும் என் பக்கம் திரும்பிவிட்டார்கள்.

உண்மைதான். நான் ஒரு காலத்தில் நடுவராக இருந்தவன். டெல்லியில் இல்லை. திண்டிவனம் - விழுப்புரம் பாசஞ்சர் ரயிலில்!

*

எண்பத்தெட்டில் எனக்கு வயது இருபத்து நான்கு. வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம். அப்போது விழுப்புரம் தனி மாவட்டம்கூட இல்லை. 1993-ல்தான் ஆனது. அதுவரை எல்லாம் ஒரே தென்னார்க்காடு. தினமும் காலையில் திண்டிவனத்தில் ரயிலேறினால் மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம்... அப்புறம் விழுப்புரம் ஜங்ஷன். முண்டியம்பாக்கம் வந்துவிட்டதா என்று ஜன்னல் வழியே எட்டிப் பார்க்கவே வேண்டாம். சர்க்கரை ஆலை வாசனை மூக்கைத் துளைத்துக்கொண்டு உள்ளே வந்து சொல்லிவிடும்.

அந்த ரயிலில் நாங்கள் நாலு பேர் ஒரு கமிட்டி. நான், ஒரு பாங்க் கிளார்க், ஒரு தபால் ஆபீஸ்காரர், அப்புறம் எங்கள் ஆபீஸ் கேஷியர் சார். கேஷியர் சார்தான் தலைவர். காரணம், வயதில் மூத்தவர் என்பது ஒன்று. ஜன்னல் ஸீட்டை அவர் யாருக்கும் விட்டுத் தரமாட்டார் என்பது இன்னொன்று.

கமிட்டி உருவான கதையைச் சொல்கிறேன். அமெரிக்காவில் ஆஸ்கர் விருது கொடுக்கிறார்களே, அங்கே முதலில் ஐந்து நடிகைகளின் பெயரை அறிவிப்பார்கள். ஒரு மாதம், ஒன்றரை மாதம் ஊரே பேசும். கடைசி நாளில் ஒருத்திக்குக் கொடுப்பார்கள். மற்ற நாலு பேரும் சிரித்துக்கொண்டே கை தட்டுவார்கள். (என்னைக் கேட்டால் அந்த வருஷத்தின் சிறந்த நடிப்பு அந்தக் கைதட்டல்தான்!) மெரில் ஸ்ட்ரீப் என்ற அம்மணி 21 தடவை அந்தப் பட்டியலில் வந்து 3 தடவைதான் ஜெயித்திருக்கிறார். ஆனால் 18 தடவை தோற்றார் என்பதும் சரித்திரத்தில் இருக்கிறது பாருங்கள், அதுவும் ஒரு மரியாதைதானே?

நம் தேசிய விருதில் அந்த வழக்கமே கிடையாது. நடுவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு படம் பார்ப்பார்கள். ஒரு நாள் கதவைத் திறந்து பெயரைச் சொல்லிவிடுவார்கள். கூட யார் யார் பெயர் பரிசீலனைக்கு வந்தது, யார் ஒரு ஓட்டில் போனார் என்று ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது. "அரசாங்கம் போடாத பட்டியலை நாம போடுவோம்யா!" என்றார் கேஷியர் சார். ஆளுக்கொரு ரூபாய் சந்தா. ஜெயித்தவருக்கு விழுப்புரம் ஸ்டேஷனில் வடை, டீ. எனக்கு ஓசியில் வந்த ஒரு டைரியை கமிட்டியின் ஆவணமாக அர்ப்பணித்தேன். கையெழுத்து சுமாராக இருந்ததால் செயலாளர் பதவியும் கிடைத்தது.

சும்மா இருப்பானேன் என்று பழைய வருஷங்களையும் விசாரணைக்கு எடுத்தோம். முதலில் மாட்டியது 1985. அப்பப்பா! அந்த ஒரு வருஷத்துக்கு மட்டும் பதினோரு நாள் விசாரணை நடந்தது.

அந்த வருஷம் விருது 'சிந்து பைரவி' படத்துக்காக சுஹாசினிக்கு. அதில் தப்பு சொல்ல முடியாது. பாட்டு வாத்தியார் ஜே.கே.பி.யிடம் சபை நடுவே எழுந்து நின்று கேள்வி கேட்கிற தைரியம், கண்ணாடி, காட்டன் புடவை. பார்த்தவுடனே இது அவார்டு கேஸ் என்று தெரிந்துவிடும். ஆனால் தபால் ஆபீஸ்காரர் ஒரு குண்டைப் போட்டார். "படத்துல சிந்துவுக்கு வசனம் இருக்கு, சங்கீதம் இருக்கு, டைரக்டரோட ஆசீர்வாதமும் இருக்கு. பைரவிக்கு என்ன இருக்கு? பாட்டு புரியாத பொண்டாட்டியா, சமையல்கட்டுல நின்னே நம்மளக் கலங்க வெச்சாளே சுலக்ஷணா, அவளுக்கு என்ன பதில்?"

பேரணி தாண்டியும் யாருக்கும் பதில் வரவில்லை.

கேஷியர் சார் வேறு வழக்கோடு வந்தார். அவர் விழுப்புரத்துக்காரர், அதாவது சிவாஜி பிறந்த ஊர்க்காரர். ஊர் அபிமானம் ரத்தத்தில் ஓடுகிறது. 1960-ல் கெய்ரோவில் கூப்பிட்டு 'கட்டபொம்ம'னுக்குச் சிறந்த நடிகர் விருது கொடுத்தார்கள், டெல்லியில் கடைசிவரை அந்தப் பரிசைக் கொடுக்கவில்லை என்பது அவருக்கு சொந்த வீட்டுத் துக்கம். "அதே எம்பத்தஞ்சுலதான்யா 'முதல் மரியாதை'. சிவாஜிய விடு. ராதாவ எப்பிடி விட்டான்?" என்பார். ராதாவுக்குக் குரல் கொடுத்தது ராதிகா என்று பாங்க் கிளார்க் நினைவுபடுத்தியதும் அடுத்த தகராறு. முகம் ஒருத்தருக்கு, குரல் இன்னொருத்தருக்கு என்றால் மெடலை எப்படி வெட்டுவது? கழுத்துவரை ராதாவுக்கு, தொண்டை ராதிகாவுக்கா?

எனக்கு அந்தப் படத்தில் வடிவுக்கரசிதான். அந்த வாய், அந்த வெற்றிலைக் கோபம்... எங்கள் தெருவிலேயே அப்படி இரண்டு பேர் இருந்தார்கள். ஆனால் இதைச் சபையில் சொல்ல எனக்கு வெட்கம். இருபத்து நாலு வயசுப் பையன் கதாநாயகியை விட்டுவிட்டு வடிவுக்கரசிக்கு ஓட்டுப் போட்டால் ரயிலில் என்ன மதிப்பு இருக்கும், சொல்லுங்கள்! "ராதா" என்றேன். டைரியில் என் முதல் பொய் ஓட்டு அதுதான்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். வாய் கிழிய நடிப்பு, நடிப்பு என்று பேசினாலும் நாங்கள் மார்க் போட்டது முகத்துக்குத்தான். பத்துக்கு இத்தனை என்று போடுவோம். சேலை நன்றாக இருந்தால் அரை மார்க் கூட. அமலாவுக்கு ஒன்பதுக்குக் குறைந்து யாராவது போட்டால் கமிட்டியே இரண்டாக உடையும் அபாயம் இருந்தது.

*

1987-ம் ஆண்டுக்கான விருது வந்தது. எங்கள் பட்டியலில் 'மனதில் உறுதி வேண்டும்' சுஹாசினி, 'வேதம் புதிது' அமலா, 'நாயகன்' படத்தில் புதுமுகமாக வந்த சரண்யா. மூன்று பேர்மீதும் பணம் கட்டியாயிற்று. பேப்பரைப் பிரித்தால் 'வீடு' படத்துக்காக அர்ச்சனா! சிறந்த நடிகர் கமல், 'நாயகன்'. அது எதிர்பார்த்ததுதான். ஆனால் 'வீடு'? அது எப்போது வந்தது? எந்த தியேட்டரில்? படம் ரிலீஸ் ஆகாவிட்டாலும் அந்த வருஷத்துக்குள் சென்சார் சர்டிபிகேட் வாங்கியிருந்தால் போதும் என்ற விதியே எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. வடை, டீ யாருக்கும் இல்லை. சந்தாப் பணம் அப்படியே நின்றது.

'வீடு' படத்தை நாங்கள் பார்த்தது அப்புறம், தூர்தர்ஷனில். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவார்டு படம் போடுவார்களே, ஞாபகம் இருக்கிறதா? இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. ஒரு வாரம் வங்காளி, ஒரு வாரம் ஒரியா, ஒரு வாரம் அஸ்ஸாமி. ஆட்டுக்கறிக் குழம்பும் ரசமும் சாப்பிட்டுவிட்டு, பாயை விரித்து, தலையணையைச் சுவரோரம் போட்டு உட்கார்ந்தால் திரையில் ஒருவர் மாட்டு வண்டியில் போய்க்கொண்டிருப்பார். ஒரு தூக்கம் போட்டு எழுந்து பார்த்தால் அப்போதும் போய்க்கொண்டிருப்பார். அதைவிடச் சிறந்த தூக்க மருந்தை இன்றுவரை மெடிக்கல் ஷாப்பில் விற்கவில்லை.

'வீடு' தமிழ்ப் படம் என்பதால் கொஞ்சம் கவனமாகவே உட்கார்ந்தேன். அர்ச்சனா ஆபீஸுக்குப் போகிற பெண். தங்கை, தாத்தா. குடியிருக்கும் வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள். வேறு வீடு தேடுகிறாள்... தேடுகிறாள்... பாட்டு வரும் என்று பார்த்தேன். வரவில்லை. சண்டை? அதுவும் இல்லை. நான் எப்போது சாய்ந்தேன் என்று எனக்குத் தெரியாது. கண் விழித்தபோது அம்மா டி.வி.யை நிறுத்திவிட்டு முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தாள்.

அதனால் என்ன? திங்கட்கிழமை தீர்ப்புச் சொல்லாமல் விடுவேனா!

"இந்தப் பொண்ணுக்கா சார் அவார்டு? மேக்கப் இல்ல, அழுகை இல்ல, ஒரு டயலாக்கு உருப்படியா இல்ல. நம்ம ரயில்ல வர பொம்பளைங்க மாதிரியே வராங்க, போறாங்க. இதுக்கு எதுக்கு மெடல்? அப்ப இங்க ஏர்ற எல்லாருக்கும் குடுக்க வேண்டியதுதான்!"

கமிட்டி சிரித்தது. நானும் சிரித்தேன். அடுத்த வரிசையில், கைப்பையை மடியில் வைத்து, டிபன் டப்பாவைக் கால் பக்கத்தில் வைத்து உட்கார்ந்திருந்த எங்கள் ஆபீஸ் டைப்பிஸ்ட் அக்கா திரும்பிப் பார்த்தார். எங்கள் பேச்சில் அவர் தலையிடுவதே கிடையாது. அன்றைக்கு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"முழுசாப் பாத்தீங்களா தம்பி?"

"பாத்தேனே!" என்றேன்.

"தூங்காம?"

முண்டியம்பாக்கம் வாசனை அன்றைக்கு ரொம்ப சீக்கிரம் வந்தமாதிரி இருந்தது.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. "ஏர்ற எல்லாருக்கும் குடுக்க வேண்டியதுதான்" என்று நான் உளறியதை பாங்க் கிளார்க் பிடித்துக்கொண்டான். "நல்ல ஐடியா! எழுதுடா!" என்றான். டைரியின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டேன். அந்த ரயிலில் தினமும் வருகிற பெண்களுக்கு வரிசையாகப் பட்டப் பெயர். 'பச்சைக் குடை', 'மயிலம் மல்லிகைப்பூ', 'டிபன் டப்பா'... எதிரே பத்துக்கு இத்தனை. எழுதியது என் கைதான். நாலு நாள் சிரித்தோம். ஐந்தாம் நாள் இறங்கும் அவசரத்தில் டைரியை ஸீட்டிலேயே விட்டுவிட்டேன்.

மறுநாள் ஆபீஸில் என் மேஜைமேல் டைரி இருந்தது. நியூஸ் பேப்பரில் அழகாகச் சுற்றி, நூல் போட்டுக் கட்டி. டைப்பிஸ்ட் அக்கா மெஷினில் பேப்பரைச் சொருகிக்கொண்டே, "ஸீட்டுலயே விட்டுட்டுப் போயிட்டீங்க தம்பி" என்றார். அவ்வளவுதான். பிரித்துப் பார்த்தாரா, படித்தாரா, ஒன்றும் தெரியவில்லை. முகத்தில் ஒன்றும் இல்லை.

ஆனால் அன்றுமுதல் அவர் எங்கள் பெட்டியில் ஏறவில்லை. திண்டிவனம் பிளாட்பாரத்தில் எங்களைத் தாண்டி நடந்துபோய், மகளிர் பெட்டியில் ஏறிக்கொள்வார். அது எப்போதும் கூட்டமாக இருக்கும். நின்றுகொண்டே வருவார். நாலு வருஷம், அவருக்குக் கடலூருக்கு மாற்றல் வரும்வரை. ஆபீஸில் என் ஃபைல்களை ஒரு பிழை இல்லாமல் டைப் அடித்துக் கொடுத்தார். நான் மன்னிப்புக் கேட்டேனா? கேட்கவில்லை. டைரியைக் கிழித்து அடுப்பில் போட்டேன். அந்தக் கடைசிப் பக்கத்தில் யாருக்கு என்ன மார்க் போட்டேன் என்பதும் அதோடு போயிற்று என்று நினைத்தேன்.

*

தொண்ணூற்றேழில் திண்டிவனத்தில் ஒரு மனை வாங்கி வீடு கட்ட ஆரம்பித்தேன். கட்டியவர்களுக்குத் தெரியும், அது என்ன பாடு என்று. நான் காலையில் ரயிலேறிவிடுவேன். மனையில் நின்றது என் மனைவி. கடைக்கால் தோண்டியது முதல் சென்ட்ரிங் பிரித்தது வரை அவள்தான். கம்பி வந்தால் எண்ண வேண்டும். ஜல்லி வந்தால் அளக்க வேண்டும். மேஸ்திரி "சார் எப்பம்மா வருவாரு?" என்று கேட்பாராம். அதாவது, உன்னிடம் என்ன பேச்சு என்று அர்த்தம். ஒரு நாள் சிமெண்ட் மூட்டை பன்னிரண்டு குறைந்தது. கேட்டதற்கு, "கலவையில போயிடுச்சும்மா" என்றார்கள். அவள் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து காலி சாக்கையும் எண்ணி எழுதி வைத்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டாள்.

சுவர் எழும்பி, கூரை போட்டு, கையில் காசு தீர்ந்து வேலை நின்றிருந்த சமயத்தில்தான் வீடியோ கடையில் 'வீடு' கேசட் கண்ணில் பட்டது. வாடகைக்கு எடுத்து வந்தேன். இந்தத் தடவை தூங்கவில்லை.

தூங்க முடியவில்லை. கான்டிராக்டர் சிமெண்ட் மூட்டையைக் கடத்துகிறான். சித்தாள் மங்கம்மா வந்து சொல்கிறாள். (அந்த நடிகைக்கு 'பசி' சத்யா என்றே பெயர். ஷோபாவின் 'பசி'யில் நடித்ததால் வந்த பட்டம்.) அர்ச்சனா அவனைக் கேட்கப் போகிறாள். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தத் தெரியாத ஒரு பெண் கத்தியாக வேண்டிய இடத்தில் எப்படித் தடுமாறுவாளோ அப்படித் தடுமாறுகிறாள். கடனுக்காக ஒவ்வொருவர் முன்னாலும் போய் உட்காரும்போது, முதுகு நாற்காலியில் சாய்வதே இல்லை. தாத்தா சொக்கலிங்க பாகவதர் குடையும் கையுமாக வளசரவாக்கத்துக்கு வந்து, பாதி கட்டிய சுவரைத் தடவிப் பார்க்கிறாரே... என் மனைவி எழுந்து உள்ளே போய்விட்டாள். தண்ணீர் குடிக்கவாம்.

திரும்பி வந்து கேட்டாள். "இந்தப் பொண்ணு நிஜமாவே எங்கியாவது ஆபீஸ்ல வேல பாத்துச்சா?"

அப்போதுதான் எனக்குப் பொட்டில் அடித்தது. "நம்ம ரயில்ல வர பொம்பளைங்க மாதிரியே" என்று நான் சொன்னது குறை இல்லை. அந்த வருஷம் யாரும் சொல்லாத சரியான விமர்சனத்தை, அர்த்தம் தெரியாமல், வடைக்கு ஆசைப்பட்டு நான் சொல்லியிருக்கிறேன். ரயிலில் வந்த பெண்களை நான் சரியாகப் பார்த்திருந்தால் அல்லவா அர்ச்சனா என்ன செய்தார் என்று தெரிந்திருக்கும்? அக்காவின் கைப்பை நினைவுக்கு வந்தது. மடியில் வைத்து இரண்டு கையாலும் மேலே மூடிக்கொண்டு உட்காருவார். படத்தில் அர்ச்சனாவும் அடிக்கடி அப்படித்தான் உட்கார்ந்தமாதிரி எனக்குத் தோன்றியது. அடுத்த வருஷமே தெலுங்கில் 'தாசி' படத்துக்கு மறுபடி அவருக்குத்தான் விருது. அப்போதும் நாங்கள் முனகினோம்.

அன்றைக்கு அந்த விருதோடு கொடுத்த பணம் பத்தாயிரம் ரூபாய். அந்தப் படத்தில் வருகிற வீட்டுக்கு அஸ்திவாரம்கூட முடிந்திருக்காது!

அதன்பிறகு நான் பழைய தீர்ப்புகளை எல்லாம் மனசுக்குள் மறுவிசாரணை செய்ய ஆரம்பித்தேன். சரண்யா விஷயம் பாருங்கள். 'நாயக'னில் எங்கள் பட்டியலில் நின்றவர். அவருக்கு தேசிய விருது வந்தது 2010-ம் வருஷப் படமான 'தென்மேற்குப் பருவக்காற்று'க்காக. இருபத்து மூன்று வருஷம் கழித்து, விஜய் சேதுபதிக்கு அம்மாவாக. முகத்துக்கு மார்க் போடுகிற கூட்டமெல்லாம் வேறு பக்கம் திரும்பிய பிறகு, காட்டில் வேலை செய்கிற கறுத்த கையோடு வந்து நின்று வாங்கிக்கொண்டு போனார். இந்த ஒரு விருதில் எனக்கு ஆட்சேபணையே கிடையாது.

லட்சுமி 'சில நேரங்களில் சில மனிதர்கள்' படத்துக்கு வாங்கியதும் அப்படித்தான். தமிழில் முதலில் வாங்கியவர். ஜெயகாந்தனின் கங்காவை எதிரே உட்கார்ந்து பேசுகிறமாதிரி கொண்டுவந்தார். ஷோபாவைப் பற்றிப் பேசவே கஷ்டமாக இருக்கிறது. 'பசி'யில் குப்பை பொறுக்குகிற குப்பம்மா. 1979-ம் ஆண்டு விருது. 1980 மே 1-ல் இறந்துபோனார். பதினேழு வயது. இன்றைக்கு எங்கள் ஆபீஸில் அந்த வயதில் யாராவது வந்தால் பரீட்சைக்குப் படிம்மா என்று திருப்பி அனுப்புவோம்.

சாவித்திரிக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது கிடைக்கவே இல்லை. சாவித்திரியாக நடித்த கீர்த்தி சுரேஷுக்கு 2018-ம் ஆண்டுக்குக் கிடைத்தது. கீர்த்தி நன்றாகத்தான் செய்தார், வாழ்க. ஆனாலும் அசலுக்குக் கொடுக்காத பரிசை நகலுக்குக் கொடுத்தால் கேஷியர் சார் மாதிரி ஆட்கள் என்ன செய்வார்கள்?

இன்னொரு வயிற்றெரிச்சல், 'துணை நடிகை' என்ற பெஞ்சு. 'தேவர் மக'னில் ரேவதியை அதில் உட்கார வைத்தார்கள். 'புதிய பாதை'யில் ஆச்சி மனோரமாவையும். அந்தக் காலத்தில் சிறந்த நடிகைப் பரிசுக்கே 'ஊர்வசி' விருது என்றுதான் பெயர். ஊர்வசி சாரதா, ஊர்வசி ஷோபா என்று போஸ்டரில் போடுவார்கள். சரி, பெயரிலேயே ஊர்வசி என்று ஒருவர் இருக்கிறாரே, அவருக்கு என்ன கொடுத்தார்கள்? 'அச்சுவின்டெ அம்மா'வுக்குத் துணை நடிகை. 2023-ம் ஆண்டு 'உள்ளொழுக்கு' படத்துக்கும் துணை நடிகை! அந்தப் படத்தில் அவர் யாருக்குத் துணை, சொல்லுங்கள் பார்ப்போம். அவரே பகிரங்கமாகக் கேட்டார்.

*

சாப்பாட்டு மேஜைக்கு வருகிறேன். பையன்கள் தீர்ப்புக்குக் காத்திருந்தார்கள். நான் மோர் மிளகாயை ஓரமாக வைத்துவிட்டு, "சாய் பல்லவி" என்றேன். அப்பா மேல் அப்படி ஒரு வழக்கு வந்தபிறகு, அப்பாவை நம்புவதா, அந்தக் குழந்தையை நம்புவதா என்று படம் முழுக்க ஒரு டீச்சர் பொண்ணு முகத்தில் ஓடுகிறதே, அதற்குமேல் என்ன வேண்டும்? 'கார்கி' கட்சி மேஜையைத் தட்டியது.

எங்கள் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, அதுவரை பேசாமல் டிபன் டப்பாவை மூடிக்கொண்டிருந்தவள், "எனக்கு நித்யா மேனன்தான் சார்" என்றாள்.

"ஏம்மா?"

"அழுது நடிக்கிறது கஷ்டம்னு எல்லாருக்கும் தெரியுது. 'திருச்சிற்றம்பல'த்துல அந்த ஷோபனா கூடவே இருக்கா. தினமும் பாக்குறான். அவ மனசுல என்ன இருக்குன்னு அவனுக்கு மட்டும் தெரியல, நமக்குத் தெரியுது. அத டயலாக் இல்லாம காட்டணுமே சார்? பக்கத்துலயே இருக்கிற பொண்ணா நடிக்கிறது சுலபம்னு நெனைக்கிறீங்களா?"

இந்தப் பெண்ணுக்கு என் டைரி விஷயம் தெரிய நியாயம் இல்லை. இருந்தாலும் எனக்கு வியர்த்துவிட்டது. தீர்ப்பை வாபஸ் வாங்கவில்லை. ஆனால் அந்த சனிக்கிழமை 'திருச்சிற்றம்பல'த்தை இன்னொரு தடவை பார்த்தேன். கடைசியில் கொஞ்சம் ஆடித்தான் போனேன். இரண்டு பேருக்கும் பிரித்துக் கொடுத்திருக்கலாமே என்றால், ஏற்கெனவே குஜராத்திப் படத்தில் நடித்த மானசி பரேக்கோடு பிரித்துத்தான் கொடுத்திருந்தார்கள்.

நவம்பரில் ரிட்டயர் ஆனேன். மாலை, சால்வை, ஒரு சுவர்க் கடிகாரம். பென்ஷன் வேலையாக மறுபடி விழுப்புரம் போய்விட்டுத் திரும்பும்போது, பஸ் ஸ்டாண்டில் திண்டிவனம் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தவரைப் பார்த்தேன். தலை முழுக்க வெள்ளை. ஆனால் கைப்பையைப் பிடித்திருந்த விதத்திலேயே தெரிந்துவிட்டது.

"அக்கா, என்னத் தெரியுதா?"

கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். "தம்பி! ரிட்டயர் ஆயிட்டீங்களாமே?"

பஸ் வந்தது. ஏறினோம். மூன்று பேர் ஸீட்டில் ஜன்னலோரம் அவர், இந்த ஓரத்தில் நான். நடுவில் என் சுவர்க் கடிகாரம் அளவுக்கு ஒரு பை. முப்பத்தைந்து வருஷமாக மனசுக்குள் ஒத்திகை பார்த்த வசனம். எடுத்தவுடனே நாக்கு ஒட்டிக்கொண்டது.

"அக்கா... அந்தக் காலத்துல... ஒரு டைரி..."

"பத்துக்கு நாலு" என்றார்.

எனக்குச் சத்தம் வரவில்லை.

"'டிபன் டப்பா'ன்னு எழுதி, பத்துக்கு நாலு போட்டிருந்தீங்க. உங்க கையெழுத்துதான் எனக்குத் தெரியுமே, வருஷம் பூரா அதத்தானே டைப் அடிச்சேன்."

"தப்புக்கா. ரொம்பத் தப்பு. அப்பவே சொல்லியிருக்கணும்."

"ஆமா. அப்பவே சொல்லியிருக்கணும்" என்றார். கோபமாகச் சொன்னமாதிரி இல்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். விக்கிரவாண்டி டோல்கேட் வரை இரண்டு பேரும் பேசவில்லை. கண்டக்டர் வந்தபோது நான் இரண்டு டிக்கெட்டுக்குக் காசை நீட்டினேன். அக்கா என் கையை ஒதுக்கிவிட்டு, "எனக்கு ஃப்ரீ தம்பி. டவுன் பஸ்தானே!" என்றார். அதுவும் எனக்கு ஓடவில்லை பாருங்கள்!

மயிலம் பக்கம் வரும்போது அவராகவே திரும்பினார்.

"பேத்தி சொல்லிக்கிட்டே இருக்கா. சாய் பல்லவி படம் ஒண்ணு, 'கார்கி'யாமே. நல்லா இருக்குமா?"

"ரொம்ப நல்லா இருக்கும்க்கா. கண்டிப்பாப் பாருங்க."

அக்கா என்னை ஒரு நிமிஷம் பார்த்தார்.

"நீங்க முழுசாப் பாத்தீங்களா தம்பி? தூங்காம?"